பூனைக்கு அலறாதே... யானைக்குச் சொல்லு!

குட்டி நண்பர்களே, விடுமுறைக்கு நீங்கள் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். பூட்டிய வீட்டில் நள்ளிரவில் திருட்டு அலாரம் 'வீல்' என்று அலறுகிறது. உங்கள் பூனைக்குப் பால் வைக்கச் சாவி வாங்கி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மாமா, தடியோடு ஓடி வந்து கதவைத் திறக்கிறார். உள்ளே யார்? பூனையேதான்! சோபாவிலிருந்து ஒரு தாவல் தாவியிருக்கிறது. மறுநாளும் இதே கூத்து. மூன்றாம் நாள் நிஜத் திருடனே வந்தாலும், "பூனையாத்தான் இருக்கும்" என்று மாமா திரும்பிப் படுத்துவிடுவார். 'புலி வருது' கதைதான்!

பாவம், அலாரத்தைத் திட்டாதீர்கள். சுவரில் இருக்கும் அந்தச் சின்ன சென்சாருக்கு முகம் தெரியாது. நம் உடலும் பூனையின் உடலும் சூடானவை. அந்தச் சூடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெளியே வருகிறது. சென்சாரின் முன்னால் உள்ள பிளாஸ்டிக் வில்லை, அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்குச் சூடு நகர்ந்தால் போதும், மணி அடித்துவிடும்!

இதற்கு வழி? சென்சாரைச் சுமார் 2 மீட்டர் உயரத்தில் மாட்டி, தரையை ஒட்டிய பகுதி அதற்குத் தெரியாமல் செய்வார்கள். நாய்க்குட்டிக்கு இது போதும். பூனை சும்மா இருக்குமா? பீரோ மேல் ஏறி சென்சாருக்கு நேர் எதிரே நிற்கும்! அதனால் சோபா, பீரோ, மாடிப்படி பக்கம் சென்சாரைத் திருப்பி வைக்கக் கூடாது.

நம் கோவையில் இதற்கு நேர் எதிரான வேலை ஒன்று நடக்கிறது, தெரியுமா? வீட்டில் விலங்கை விட்டுவிட்டு மனிதனைப் பிடிக்க வேண்டும். மதுக்கரைக் காட்டிலோ, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு யானையைக் கண்டுபிடிக்க வேண்டும்!

2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரு - சென்னை எக்ஸ்பிரஸ் மோதி 3 யானைகள் இறந்தன. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே ரயில் பாதை யானைகள் நடமாடும் காட்டைக் கடந்து போகிறது. அங்கே 2024 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவோடு இயங்கும் 12 கண்காணிப்புக் கோபுரங்கள் செயல்பாட்டுக்கு வந்தன. செலவு 7.24 கோடி ரூபாய். சாதாரண கேமராவோடு, கும்மிருட்டிலும் உடல் சூட்டை வைத்துப் படம் பிடிக்கும் கேமராவும் கோபுரங்களில் உண்டு.

ஆனால் மாட்டுக்கும் சூடு உண்டு, மானுக்கும் உண்டு, சுள்ளி பொறுக்க வரும் பாட்டிக்கும் உண்டு! எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் ரயில் ஊர்ந்துதான் போக வேண்டும். காவலுக்கு இருப்பவர்களும் அந்த மாமாவைப் போல் ஆகிவிடுவார்கள். ஆகவே படத்தில் இருப்பது யானைதானா என்று கம்ப்யூட்டரே பார்க்கிறது. யானை என்றால், மதுக்கரைக் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தகவல் போகும். வன ஊழியர்கள் தண்டவாளத்துக்கு ஓடுவார்கள். ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார்.

அடுத்த முறை பாலக்காட்டுக்கு ரயிலில் போனால், எட்டிமடை தாண்டியதும் ஜன்னல் வழியே பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரம் தெரிந்தால், அதற்கு ஒரு 'டாட்டா' காட்டுங்கள். நீங்கள் யானை இல்லை என்று அதற்குத் தெரியும்!