அம்பயர் ஆக ஆசையா? முதல் பாடம் இணையத்தில்

கிளேர் போலோசாக் எந்த அணிக்கும் கிரிக்கெட் ஆடியவர் அல்லர். அம்பயர் ஆக வேண்டும் என்பதே ஆசை. ஆஸ்திரேலியாவின் கூல்பர்ன் நகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிட்னியில் பயிற்சி வகுப்பு. அப்பாதான் காரில் அழைத்துப் போனார். தேர்வில் சிலமுறை தோற்ற பிறகே தேறினார். 2019இல் நமீபியா–ஓமன் ஆட்டத்தில் களமிறங்கி, ஆடவர் ஒருநாள் சர்வதேசப் போட்டியில் நடுவராக நின்ற முதல் பெண் ஆனார்.

இன்று அந்த முதல் பாடத்துக்கு ஊர்விட்டு ஊர் போகத் தேவையில்லை. கிரிக்கெட் விதிகளின் காப்பாளரான லண்டன் எம்சிசி, அவற்றை இணையவழிப் பாடமாகக் கட்டணமின்றித் தருகிறது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தொகுப்பில் இருப்பவை 42 விதிகள்.

இணையப் பாடத்தின் பலன் எல்பிடபிள்யூவில் நன்றாகத் தெரியும். நோபாலா? லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? முதலில் மட்டையில் பட்டதா? ஸ்டம்புகளுக்கு நேராகக் காலில் பட்டதா? ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பட்டிருந்தால், ஆட்டக்காரர் உண்மையாகவே அடிக்க முயன்றாரா? தடுக்காவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா? புத்தகத்தில் படித்தால் குழப்பும் இந்த வரிசை, காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்போது மனதில் பதிந்துவிடும்.

திடல் வேறு.

அங்கே பந்துவீச்சாளரின் முன்காலைப் பார்த்த கண், அரை நொடிக்குள் எதிர்முனைக்குப் போக வேண்டும். பந்துகளை எண்ண வேண்டும். சைகை காட்டினால், ஸ்கோரர் பதில் சைகை தரும்வரை காத்திருக்க வேண்டும். பதினொரு பேர் ஒரே குரலில் அப்பீல் கேட்கும்போதும் நிதானம் தவறக்கூடாது. இவை நின்று பழகினால்தான் வரும். இந்திய கிரிக்கெட் வாரியத்தின் அம்பயர் தேர்வில் எழுத்துத் தேர்வோடு செய்முறையும் நேர்முகமும் இருப்பது அதனால்தான். சென்னையின் என்.ஜனனி, இந்தப் படிகளை ஏறி, மென்பொருள் வேலையையும் விட்டவர். 2023இல் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதலாக நடுவர்களாக நின்ற மூன்று பெண்களில் ஒருவர்.

நம் ஊர்ப் போட்டிகளிலோ, “நீ கொஞ்சம் நில்லுப்பா” என்று கையில் கிடைத்தவரை நிறுத்துகிறோம். அப்படி நிற்பவர்கள் நோபால், ரன் அவுட் விதிகளையாவது முதலில் இணையத்தில் படியுங்கள். ஆர்வம் தொடர்ந்தால், மாவட்ட கிரிக்கெட் சங்கத்தில் அடுத்த தேர்வு எப்போது என்று கேளுங்கள்.