கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் தெரியாது!



நைஜீரியா நாட்டின் தென்கிழக்கே வாழும் இக்போ மக்களின் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், முதலில் எடுத்து நீட்டுவது ஒரு கொட்டை. கசக்கும் கொட்டை. பெயர் கோலா. கோலா கொண்டுவந்தவன் உயிரைக் கொண்டுவந்தான் என்பது அவர்கள் பழமொழி. பெரியவர் ஒருவர் அதைக் கையில் ஏந்தி வாழ்த்துரைப்பார். பிறகு உடைத்து எல்லோரும் பகிர்ந்து உண்பார்கள். வாழ்த்து எந்த மொழியில்? இக்போ மொழியில்தான்! "கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் தெரியாது" என்று அடித்துச் சொல்வார்கள். ஊர்த் திண்ணையில் கூடினாலும் சரி, லண்டனிலோ அமெரிக்காவின் ஹூஸ்டனிலோ வாடகை மண்டபத்தில் கூடினாலும் சரி, மொழி மாறாது!

கொட்டை சிறிது, அதைச் சுற்றி எழுந்துள்ள சங்கமோ பெரிது. பிழைப்புத் தேடிப் போன மக்கள், பிறந்த ஊரை மறவாமல், பெற்ற மொழியை விடாமல், ஊரில் வாடுவோருக்கு உதவியும் செய்து வாழ்வது எப்படி என்பதற்கு இக்போ சங்கங்கள் ஒரு பாடம். அந்தப் பாடத்தில் போற்ற வேண்டிய பக்கமும் உண்டு. கிழித்தெறிய வேண்டிய பக்கமும் உண்டு. இரண்டையும் பார்ப்போம்.

இந்தச் சங்கங்களைக் கட்டியவர்கள் யார்? கோமான்களா? கோடீசுவரர்களா? இல்லை, கூலிக்காரர்கள்! 1915இல் எனுகு பகுதியில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கிருந்து போர்ட் ஹார்க்கோர்ட் துறைமுகத்துக்கு ரயில் ஓடிற்று. கரி வெட்டவும், தண்டவாளம் போடவும், கணக்கு எழுதவும், சரக்கு விற்கவும் இக்போ கிராமத்து வாலிபர்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். சிலர் லாகோஸ் வரை போனார்கள். சிலர் வடக்கே, மொழியும் மதமும் வேறான நகரங்களுக்குப் போனார்கள். நோயில் விழுந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டா? மாண்டால் மண் தள்ள ஆள் உண்டா? ஒரே ஊர்க்காரர்கள் ஒன்று கூடினார்கள். ஊர்ச் சங்கம் பிறந்தது.

சங்கமென்றால் வெறும் பெயர்ப்பலகை அல்ல. கூட்டத்துக்கு வருகைப் பதிவு உண்டு. சந்தா உண்டு. தாமதமாக வந்தால் அபராதமும் உண்டு! வேலை இழந்தவனுக்குக் கைமாற்று, மணமுடித்தவனுக்குப் பரிசு, மாண்டவனுக்கு இறுதி மரியாதை. எத்தனை தொலைவில் இறந்தாலும் பிறந்த மண்ணில் புதைபட வேண்டும் என்பது இக்போ மக்களின் ஆசை. உடலை ஊருக்கு அனுப்பும் செலவை ஒருவன் தாங்குவானா? தாங்கமாட்டான், சங்கம் தாங்கும். இது பிச்சையல்ல, தோழர்களே, பங்கு! கொடுப்பவன் நிமிர்ந்து கொடுத்தான். பெறுபவனும் நிமிர்ந்தே பெற்றான்.

மிச்சப் பணம் எங்கே போயிற்று? ஊருக்குப் போயிற்று. வெள்ளை ஆட்சி வரி வாங்க மறக்கவில்லை. பள்ளி கட்டத்தான் மறந்தது. பாதிரிமார் கட்டிய பள்ளிகள் போதவில்லை. சுரங்கத்தில் கறுத்த கைகள் அனுப்பிய காசு பள்ளிக்கூடமாயிற்று, பாதையாயிற்று, படிக்கப் போன பிள்ளைக்கு உதவித்தொகையும் ஆயிற்று.

அந்தக் கைகளுக்கு ஏகாதிபத்தியம் தந்த பரிசு என்ன? 1949 நவம்பர் 18ஆம் நாள், எனுகுவின் ஈவா பள்ளத்தாக்கில், சேர வேண்டிய நிலுவைக் கூலியைக் கேட்டுப் போராடிய சுரங்கத் தொழிலாளர்கள் மீது போலீசு சுட்டது. 21 பேர் பிணமாயினர்! சுட்ட துப்பாக்கி மக்கள் வாயை அடைக்கவில்லை. விடுதலைக் குரலை ஓங்கச் செய்தது.

அதே 1949இல்தான் எஃப். சி. ஒக்பாலு என்ற ஆசிரியர், இக்போ மொழியையும் பண்பாட்டையும் வளர்க்க ஒரு கழகம் கண்டார். ஊர்ச் சங்கங்களோ 1944இலேயே கூட்டமைப்பாகி, 1948இல் இக்போ மாநிலச் சங்கம் என்ற பெயரைப் பெற்றிருந்தன. அதன் தலைவர் நாம்டி அசிகிவே. பிற்காலத்தில் நைஜீரியக் குடியரசின் முதல் தலைவரானவர்.

பிறகு வந்தது பேரிடி. 1966இல் ராணுவ ஆட்சி கட்சிகளையும் இனச் சங்கங்களையும் தடை செய்தது. வடக்கே இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டுண்டு மாண்டனர். உயிர் தப்பிய லட்சக்கணக்கானோர் கிழக்கே ஓடினர். 1967 மே 30இல் பயாஃப்ரா என்ற தனிநாடு அறிவிக்கப்பட்டது, போர் மூண்டது, 1970 ஜனவரி 15இல் பயாஃப்ரா சரணடைந்தது. மாண்டவர் பத்து லட்சத்துக்கும் மேல் என்று பலரும் கணக்கிடுகிறார்கள். குண்டு தின்றதைவிடப் பட்டினி தின்றதே அதிகம். போர் முடிந்த பின் வங்கியில் போட்டிருந்த பணத்தைக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? கணக்கில் எத்தனை இருந்தாலும் ஆளுக்கு இருபது பவுன்! வாழ்நாள் சேமிப்புக்கு விலை இருபது பவுன்!

இடிந்த ஊரை எழுப்பியது யார்? மீண்டும் அதே ஊர்ச் சங்கம். எரிந்த பள்ளிக்குக் கூரை போட்டதும், சிதைந்த பாலத்தைச் சீர் செய்ததும் சந்தாக் காசுதான். கையில் முதலில்லாத வாலிபனை வணிகர் ஒருவர் பல ஆண்டுகள் தம்மிடம் வைத்துத் தொழில் பழக்கி, முடிவில் முதலும் கொடுத்துத் தனிக்கடை வைத்துவிடும் வழக்கம் அவர்களிடம் உண்டு, அதுவும் கைகொடுத்தது.

இன்று அவர்கள் பிள்ளைகள் கடல் கடந்து மருத்துவராய், தாதியராய், பொறியாளராய், ஓட்டுநராய் உழைக்கிறார்கள். ஊர்ச் சங்கமும் கூடவே கப்பலேறிவிட்டது! ஆகஸ்டு மாதம் வந்தால் அயல் மண்ணில் புதுக்கிழங்கு விழா. முகமூடி ஆட்டமும் முரசொலியும் தெருவை நிறைக்கும். அங்கே பிறந்த குழந்தைகளுக்கு வார இறுதியில் தாய்மொழி வகுப்பு. விடுப்பில் ஊர் போகும் மருத்துவர்கள் இலவச முகாம் நடத்துகிறார்கள். ஏழை மாணவருக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். பெண்கள் மட்டும் பின்தங்கினார்களா? 1929இல் வரிக் கொடுமையை எதிர்த்து ஆபா வட்டாரத்தில் வெள்ளை ஆட்சியையே உலுக்கிய பெண்களின் பேத்திகள் அல்லவா! ஆண்டுதோறும் ஆகஸ்டில், நகரங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் சொந்த ஊர் திரும்பிப் பெண்கள் தனி மாநாடே கூட்டுகிறார்கள். மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் அங்கே திட்டம் தீட்டுகிறார்கள்.

இதுவரை போற்றினோம். இனி கேட்கவேண்டியதைக் கேட்போம்.

பண்பாட்டைக் காக்கிறோம் என்கிறார்களே, எந்தப் பண்பாட்டை? இக்போ மக்களிடையே "ஓசு" என்று ஒரு பிரிவினர் உண்டு. முன்னோரில் ஒருவர் எப்போதோ தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டார் என்பதற்காக, வழிவழியாய் ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களோடு மணவுறவு கூடாதாம். ஊர்க் கூட்டத்தில் அவர்கள் கோலா உடைக்கக் கூடாதாம்! கிழக்கு நைஜீரியச் சட்டசபை 1956இலேயே இந்தக் கொடுமையை ஒழித்துச் சட்டம் செய்தது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்தது. மணப்பேச்சில் ஒழிந்ததா? இல்லை. பெண் பார்க்கும்போது "என்ன குடி?" என்று விசாரிக்கும் பழக்கம் இன்னும் சாகவில்லை, கடல் கடந்தும் தொடர்கிறது.

சினுவா அச்செபே 1960இல் வெளியிட்ட "நோ லாங்கர் அட் ஈஸ்" என்ற நாவல் இதைத்தான் பேசுகிறது. ஊர்ச் சங்கத்து உழைப்பாளிகள் வயிற்றைக் கட்டி 800 பவுன் திரட்டி, ஓபி என்ற இளைஞனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புகிறார்கள். படித்துத் திரும்பியவன் விரும்பும் பெண்ணோ ஓசு. படிக்கக் கடன் கொடுத்த அதே சங்கத்தில் அந்தப் பெண்ணின் பிறப்பு பேச்சாகிறது. அவன் வெகுண்டு வெளியேறுகிறான். வேதம் ஓதும் கிறிஸ்தவத் தகப்பனும் அந்த மணத்துக்கு இணங்கவில்லை. பின்னாளில் லஞ்ச வழக்கில் அவன் சிக்கியபோது வக்கீல் வைக்க முன்வருவதும் அந்தச் சங்கமே! எத்தனை ஈரம்! எத்தனை இறுக்கம்! ஒரே நெஞ்சில் இரண்டும்!

சங்கத்தின் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். ஓசு கொடுத்த காசு என்று தனிப்பத்தி உண்டா? பள்ளிச் சுவரில் அவன் காசு வாங்கிய செங்கல் தீட்டுச் செங்கல் என்று பிரித்து வைத்தார்களா? போரில் பட்டினி வந்தபோது பிறப்புப் பார்த்து வந்ததா? சந்தாவுக்கு வேண்டியவன், சம்பந்தத்துக்கு வேண்டாதவனா?

வழக்கம் எல்லாம் பண்பாடு ஆகிவிடாது. தாய்மொழி பண்பாடு, பகிர்ந்துண்ணல் பண்பாடு, இல்லாதவனுக்குத் தோள் கொடுத்தல் பண்பாடு. பிறப்பால் மனிதனைத் தள்ளிவைப்பது நோய். நோயைப் பெட்டியில் பூட்டிக் கப்பலேற்றிப் பேரனுக்குச் சீதனமாய்க் கொடுப்பார் உண்டா?

இக்போ மக்களுக்குள்ளேயே இதைக் கேட்டவர்கள் உண்டு. 1956இல் சட்டம் செய்தவர்களும் நாவல் எழுதியவரும் அவர்கள் மக்கள்தாமே! அந்தக் குரல் சங்க மேடையில் ஒலிக்கவேண்டும். கூட்டம் துவங்கும்போது, நேற்றுவரை தள்ளிவைத்திருந்தவனை அழைத்து, "இந்தா, இன்று நீ உடை!" என்று அவன் கையில் கொட்டையைக் கொடுக்கவேண்டும். கோலாக் கொட்டைக்கு ஆங்கிலம் தெரியாதுதான். உயர்வு தாழ்வு மட்டும் தெரியுமா என்ன?