பார்பிச்சுரேட் மருந்தும் பார்வை நரம்புத் தட்டு வீக்கமும்: வலிப்பு மருத்துவத்தை முன்வைத்து

முன்னுரை

வலிப்பு நோய்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழங்கப்பட்டுவரும் பீனோபார்பிட்டோன், பார்பிச்சுரேட் வகையைச் சார்ந்த மருந்தாகும். இதன் வலிப்படக்கும் ஆற்றலை 1912இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் வெளியிட்டார். கர்நாடகத்தின் எலந்தூரில் கே.எஸ். மணி குழுவினர் நடத்தி, 2001இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு, விலை குறைந்த இம்மருந்தாலும் பெனிட்டாயினாலும் சிற்றூர்களிலேயே வலிப்பைக் கட்டுப்படுத்த இயலும் எனக் காட்டியது. ஆயினும் வலிப்பு அடங்குவதும் அதன் காரணம் நீங்குவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை உணர்த்தும் அறிகுறிகளுள் ஒன்று பார்வை நரம்புத் தட்டு வீக்கம்.

தட்டு வீக்கம்

பார்வை நரம்பு விழியிலிருந்து வெளியேறும் வட்டப் பகுதியே தட்டு எனப்படும். மூளையைச் சூழ்ந்த உறைகள் இந்நரம்பையும் சூழ்ந்துள்ளன. ஆதலால் மண்டையோட்டினுள் உயரும் அழுத்தம் உறைவழியே தட்டை எட்டி, நரம்பிழைகளின் உள்ளோட்டத்தைத் தடுத்து வீக்கத்தை உண்டாக்குகிறது. மருத்துவர் இதனைப் 'பாப்பிலிடீமா' என்பர். தொடக்கத்தில் பார்வை பெரும்பாலும் குறைவதில்லை. எனவே நோயாளி அதனை உணர்வதில்லை. நீடித்தால் நரம்பு நலிந்து, இழந்த பார்வை மீளாது போகலாம்.

மருந்தின் மூவகைத் தொடர்பு

முதலாவது, பார்பிச்சுரேட் அளவு மிஞ்சினால் மூச்சு தளரும், குருதியில் கரியமிலவாயு மிகுந்து மூளைக் குருதிக்குழாய்கள் விரியும், அழுத்தம் உயரும். இரண்டாவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்துடன் தயோபென்டோன் போன்றவற்றை உயரளவில் செலுத்தினால் மூளையின் வளர்சிதைமாற்றமும் குருதியோட்டமும் குறைந்து அழுத்தம் தணியும். எனினும் இரத்த அழுத்தம் வீழும் இடர் உண்டு. மூன்றாவது, வலிப்புக்கென வாய்வழி உட்கொள்ளும் அளவு அழுத்தத்தைக் குறைப்பதில்லை. வலிப்பை மட்டும் அடக்குகிறது. காரணம் மறைந்து வளர இடமளிப்பது இம்மூன்றாம் நிலையே.

வேலூர் ஆய்வுகள்

வேலூர் மாவட்ட மக்களிடையே வி. ராஜசேகர் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. வலிப்பு நோயாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு மூளையில் பன்றி நாடாப்புழுவின் இளநிலைக் கட்டிகள் காரணமாயிருந்ததை அது கண்டறிந்தது. ஒற்றைப் புழுக்கட்டியைக் காசநோய்க்கட்டி முதலியவற்றிலிருந்து பிரித்தறிய ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் வகுத்த அளவுகோல்களுள், மண்டையோட்டினுள் தொடர்ந்து அழுத்தம் உயர்ந்திராமையும் ஒன்று. எனவே தட்டு வீங்கியிருப்பின் வேறு காரணத்தைத் தேடவேண்டும்.

மேலும், பீனோபார்பிட்டோன் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, புழுக்கொல்லியான ஆல்பெண்டசோலின் செயல்படு பொருளையும் வீக்கம் தணிக்கும் டெக்சாமெத்தசோனையும் குருதியில் குறைக்கிறது. ஆகவே காரணத்தைத் தீர்க்கும் மருத்துவத்தின் பயனையும் அது குறைக்கக்கூடும்.

முடிவுரை

இதனால் பீனோபார்பிட்டோனை விலக்கவேண்டும் என்பதன்று. திடீரென நிறுத்தினால் தொடர்வலிப்பே நேரலாம். மருந்து தொடங்குமுன் கண்ணின் உட்புறத்தைக் காணவேண்டும் என்பதே பெறப்படும் முடிவு. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அறிமுகப்படுத்திய கண் அகநோக்கி, கையடக்கக் கருவியாக இன்று எளிதில் கிடைக்கிறது. அறந்தாங்கி போன்ற வட்டத் தலைநகருக்குச் சுற்றுச் சிற்றூர்களிலிருந்து வரும் வலிப்பு நோயாளருள், உடனடியாக மூளை ஊடுகதிர்ப் படத்திற்குப் புதுக்கோட்டைக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பப்பட வேண்டியவர் எவர் என்பதைத் தெரிவு செய்ய இச்சில நிமிடச் சோதனை துணைபுரியும். தட்டு இயல்பாயிருப்பது நோயின்மைக்குச் சான்றாகாது. வீங்கியிருப்பதோ காலந்தாழ்த்தலாகாது என்பதற்குத் தெளிவான சான்றாகும்.