ஈற்றில் கசியும் இரத்தம்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கையில், உமிழ்ந்த நீர் சற்றே சிவந்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். "உடற்சூடு" என்று சொல்லி அதனை அத்துடன் மறந்துவிடுவது நம் வழக்கம். கையில் சிறு கீறல் பட்டாலும் பதறுகின்ற நாம், வாயில் நாள்தோறும் வரும் இரத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. வலி இல்லாமையே காரணம். சொத்தைப் பல் தன் வலியால் நம்மை மருத்துவரிடம் விரட்டிவிடும். ஈறு நோயோ ஓசையின்றி வளர்வது. இரத்தக் கசிவு ஒன்றே அது முன்கூட்டி அனுப்பும் ஓலை.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில், துலக்கிய சில மணி நேரத்திற்குள்ளாகவே நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. ஊத்தை என்று நாம் சொல்வது இதனையே. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக், தம் பல்லிடுக்கில் சுரண்டியெடுத்த ஊத்தையை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதில் சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு, 1683-ஆம் ஆண்டிலேயே இலண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். ஆயினும் ஈறு நோய்க்கும் ஊத்தைக்கும் உள்ள தொடர்பு 1965-இல்தான் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்டது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பாரும் அவர்தம் துணைவரும், நல்ல ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கவே, ஒரு வாரமளவில் ஈறுகள் தேறின. ஆகவே, இரத்தம் வருகிறதே என்றஞ்சி அவ்விடத்தை மட்டும் துலக்காமல் விடுவது, செய்ய வேண்டியதற்கு நேர்மாறான செய்கையாகும்.

நீங்காது தங்கிய ஊத்தை, உமிழ்நீரின் சுண்ணாம்புச் சத்தை ஏற்றுச் சில நாட்களில் இறுகத் தொடங்கும். இதுவே காரை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதனைப் போன்றது. வேப்பங்குச்சியோ, விலையுயர்ந்த பற்பசையோ இதனைப் பெயர்க்க மாட்டா. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லைத்தான் தேய்க்கும். நலமான ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேற்படுவதில்லை. நோயில் அது ஆழ்ந்து பை போலாகி, பல்லைப் பற்றி நிற்கும் நாரும் எலும்பும் கரைகின்றன. ஆற்றங்கரை மரம் வேர்மண் அரிக்கப்பட்டுச் சாய்வதைப் போல, சொத்தையே இல்லாத பல்லும் ஒருநாள் ஆடிக் கழன்றுவிடுகிறது.

பல் மருத்துவர் அளவு பொறித்த மெல்லிய கருவியால் இப்பள்ளத்தை அளக்கிறார். தேவையாயின் எக்ஸ்ரே எடுக்கிறார். பிறகு காரையை நீக்குகிறார். பள்ளம் ஆழமாயின் மரத்துப்போகும் மருந்திட்டு, வேரின் மேற்பரப்பையும் தூய்மை செய்வார். மிகச் சிலருக்கே ஈற்றைத் திறந்து செய்யும் அறுவை வேண்டும்.

"காரை எடுத்தால் பல் ஆடிவிடும்" என்னும் அச்சம் படித்தவரிடமும் இருக்கிறது. எலும்பை இழந்த பல் முன்பே ஆடத் தொடங்கியதுதான். காரை அதற்கு முட்டுக்கொடுத்து உண்மையை மறைத்து நின்றது. வீக்கம் வடிந்தபின் பல்லிடைச் சந்து புலப்படும். சில நாட்கள் குளிர்நீர் கூசும். அவ்வளவே.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பற்றூரிகையும் பல் மருத்துவமும் எட்டாதிருந்த 480 ஆண் தொழிலாளரை, முன்சொன்ன லோவின் குழுவினர் 1970 முதல் 15 ஆண்டுகள் ஆராய்ந்தனர். ஏறத்தாழ எல்லாருக்கும் ஈறு அழற்சி இருந்தது. எனினும் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு நிதானமாக வளர்ந்தது. 11 பேருக்கு அழற்சிக்கு அப்பால் செல்லவேயில்லை. நாம் எவ்வகையினர் என்பதைக் கண்ணாடி பார்த்து அறிய இயலாது; அளந்து பார்த்தே அறியவேண்டும். அம்மக்களுக்கு மருத்துவர் கிட்டவில்லை. அடுத்த தெருவில் மருத்துவர் இருந்தும் செல்லாதவரை என்னென்பது?

நீரிழிவு உடையோருக்கு இந்நோய் கடுமையாகும். ஈற்றுப் புண்ணும் நீரிழிவைக் கட்டுப்படாமல் செய்யும். புகைப்போருக்கோ இரத்தக் கசிவே குறைந்து, அந்த ஓலையும் வாராது போகும்.

மென்மையான தூரிகையை ஈற்றோரத்தில் சாய்த்து வைத்து, காலையும் இரவும் இரண்டு நிமிடம் மெல்லத் துலக்குக. கடைவாய்ப் பற்களின் உட்புறமே பலரும் விட்டுவிடும் இடம். மருத்துவரிடம் மீண்டும் எப்போது வரவேண்டுமென்பதைக் கேட்டுக்கொள்க. எலும்பை இழந்தவர்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை செல்லவேண்டியிருக்கும்.