முடிவில்லாத டோரேமான்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், டோரேமான் என்ற பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகள் குறைவு. இந்த ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் 2005-ல் இந்தியில் நம் நாட்டுக்கு வந்தது. பிறகு தமிழும் தெலுங்கும் பேசியது. ஆகவே பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைகளோடும் அதைப் பற்றிப் பேசிச் சிரிக்கலாம். குறை ஒன்றுதான்: இத்தொடருக்கு முடிவு கிடையாது.

கதை தெரியாத பெரியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோபிட்டா படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்கிய சிறுவன். அவனைக் கரையேற்றுவதற்காக, இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து அவனுடைய பேரனின் பேரன் அனுப்பிய பூனை வடிவ இயந்திரம்தான் டோரேமான். வயிற்றுப் பையிலிருந்து விதவிதமான கருவிகளை எடுத்துக் கொடுக்கும். நோபிட்டா அவற்றை வைத்து வம்பில் மாட்டிக்கொள்வான். மறுநாளும் இதே கதைதான். அவன் என்றைக்குத் தேறுவான், டோரேமான் என்ன ஆகும் என்பதற்கு விடையே வராது.

கதை கேட்டுப் பழகிய நமக்கு இது நெருடத்தான் செய்யும். இந்த வட்டாரத்துத் தர்மராஜர் கோயில்களில் நடக்கும் பாரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் கதையும் கூத்தும் நடந்தாலும், துரியோதனன் படுகளமும் தீமிதியும் பார்த்த பிறகுதான் ஜனங்களுக்கு மனம் நிறையும்.

டோரேமானுக்கு மட்டும் ஏன் அப்படி அமையவில்லை? காரணம் அது பிறந்த இடத்தில் இருக்கிறது. பின்னாளில் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற பெயரால் அறியப்பட்ட ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, 1970 ஜனவரி இதழ்களில் இதைப் படக்கதையாகத் தொடங்கினார். ஷோகாகுகான் பதிப்பகம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனி மாத இதழ் நடத்திவந்தது. அப்போது டோரேமான் வந்தது நான்காம் வகுப்பு இதழ் வரைதான். ஜப்பானில் மார்ச்சோடு பள்ளி ஆண்டு முடிகிறது. ஐந்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு விடைகொடுக்க வேண்டுமே! அதற்காக 1971 மார்ச்சிலும் 1972 மார்ச்சிலும் அவர் இரண்டு முடிவுகளை எழுதினார். 1972 கதையில், டோரேமான் போன பிறகு நோபிட்டா யார் துணையும் இல்லாமல் சைக்கிள் பழகுகிறான்.

1974 மார்ச்சில், மூன்றாம் வகுப்பு இதழில் இன்னொரு முடிவு வந்தது. டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டிய நேரம். அது கவலையில்லாமல் போகட்டும் என்று, வழக்கமாகத் தன்னை அடிக்கும் ஜியானோடு நோபிட்டா தனியாக மோதுகிறான். அடிபட்டும் விடாமல் நின்று ஜெயிக்கிறான். மறுநாள் காலையில் டோரேமான் இல்லை. ஆனால் அடுத்த மாத இதழிலேயே ஆசிரியர் அதைத் திரும்ப அழைத்து வந்துவிட்டார்! 1996-ல் அவர் காலமானார். தொடரை முடித்துவைக்கும் கதை எதையும் அவர் விட்டுச்செல்லவில்லை. 1979-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர், 2005-ல் புதிய குரல்களோடு மறுபடி தொடங்கி இன்னும் ஓடுகிறது.

முடிவு இல்லாத இடத்தில் வதந்தி புகுந்துகொள்கிறது. எல்லாமே நினைவிழந்து படுத்திருக்கும் நோபிட்டாவின் கனவு என்று ஒரு கதை சுற்றுகிறது. எங்கள் வீட்டுப் பேத்தி அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அது ஆசிரியர் எழுதியதே அல்ல. டோரேமானின் பேட்டரி தீர்ந்துபோக, நோபிட்டா பெரிய விஞ்ஞானியாகி அதை எழுப்புவதாகச் சொல்லும் முடிவும் அவருடையதல்ல. ஒரு ரசிகர் 2005-ல் அனுமதியின்றி வெளியிட்டது அது. பதிப்பகம் ஆட்சேபித்ததும், 2007-ல் அவர் மன்னிப்புக் கேட்டுப் பணமும் கட்டினார்.

பிள்ளைகள் கேட்டால் இவற்றைச் சொல்லுங்கள். 1972, 1974 கதைகள் இரண்டிலும் ஆசிரியர் சொல்வது ஒன்றே: நோபிட்டா தன் காலில் நிற்கும் நாளில் டோரேமானின் வேலை முடிகிறது. நம் பிள்ளைகளும் ஒருநாள் படிப்புக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ பெட்டி கட்டுவார்கள். அப்போது நாம் கூடவே போக முடியாது. 1974 கதை 2014-ல் வந்த 'ஸ்டாண்ட் பை மீ டோரேமான்' திரைப்படத்திலும் இருக்கிறது. படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா பாட்டிகளே தமிழில் அதைச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும்.