சாமி இல்லாத தேர்

ஆங்கிலப் புத்தகங்களின் முன்னுரையில், உதவியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்ன பிறகு, நூலாசிரியர் பெரும்பாலும் இப்படி ஒரு வரி எழுதுவார்: ‘எனி மிஸ்டேக்ஸ் தட் தேர் மே பி ஆர் மைன்.’ பிழை ஏதும் இருந்தால் அது என்னுடையது என்கிறார். படித்தால் சட்டென்று புரிந்துவிடும். நாமே எழுதப் போனால்தான் தயக்கம் வரும்: ‘தட்’டுக்கும் ‘மே பி’க்கும் நடுவில் இந்தத் ‘தேர்’ எதற்கு?

‘அங்கே’ என்று பொருள்படும் ‘தேர்’ வேறு. ‘தேர் இஸ் எ ஸ்னேக் இன் தி கார்டன்’ என்பவர் எந்தத் திசையிலும் கைகாட்டவில்லை. தோட்டத்தில் பாம்பு இருக்கிறது என்கிறார், அவ்வளவுதான். பேச்சில் இந்தத் ‘தேர்’ அழுத்தம் இழந்து ‘தெ’ என்று தேய்ந்துவிடும். ஆங்கிலத்தில் எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது. கேட்பவர் இன்னும் அறியாத பாம்பை எடுத்த எடுப்பில் அங்கே வைப்பதிலும் அந்த மொழிக்கு விருப்பமில்லை. அதனால் சாமி இல்லாத தேரை முன்னால் நிறுத்திவிட்டு, சாமியைப் பின்னால் நடந்துவரச் சொல்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்றாலும் எழுவாய்க்குரிய மரியாதையெல்லாம் அதற்குத்தான்: கேள்வி கேட்டால் ‘இஸ் தேர்’ என்று இடம் மாறும், வாக்கியத்தின் கடைசியில் ‘இஸின்ட் தேர்?’ என்று மறுபடியும் வந்து நிற்கும். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-இல் வெளியிட்ட ‘தி ஃபிலாசஃபி ஆஃப் கிராமர்’ நூலில் இவ்வகை இருப்பு வாக்கியங்களைத் தனியே ஆராய்ந்திருக்கிறார்.

முன்னுரை வரிக்கு அடிப்படை ‘தேர் மே பி மிஸ்டேக்ஸ்’ என்ற வாக்கியம். அதிலிருந்து ‘மிஸ்டேக்ஸ்’ வெளியே போய்விட்டது. ‘பி’க்குப் பின்னால் வெற்றிடம், ‘தேர்’ மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதை எடுத்துவிட்டு ‘எனி மிஸ்டேக்ஸ் தட் மே பி’ என்று எழுதினால் வாக்கியம் நொண்டும். ‘இன் திஸ் புக்’ என்று இடம் சொன்னாலோ, ‘பி’யை ‘எக்ஸிஸ்ட்’ ஆக்கினாலோ ‘தேர்’ இல்லாமலே நிற்கும். ‘தட்’டைத் தாராளமாக விட்டுவிடலாம்; ‘எனி மிஸ்டேக்ஸ் தேர் மே பி’ அழகான ஆங்கிலம். ஆனால் ‘தட்’டின் இடத்தில் ‘விச்’ வந்தால் பலருக்கும் காதில் இடறும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ‘எனி’, ‘ஆல்’, ‘தி’ எல்லாம் இந்தத் தொடருக்கு முன்னால் இயல்பாக வரும். ‘சம் மிஸ்டேக்ஸ் தட் தேர் மே பி’ என்றால் ஒட்டாது. அமெரிக்க மொழியியலாளர் கிரெக் கார்ல்சன் 1977-இல் ‘லாங்க்வேஜ்’ இதழில் இதற்கு விளக்கம் தந்தார்: இத்தகைய தொடர்கள் பேசுவது குறிப்பிட்ட சில பொருள்களைப் பற்றி அல்ல, அளவைப் பற்றி. எத்தனை பிழை இருக்குமோ அத்தனையும் என்பதே உட்பொருள். அத்தனையும் என்று சொல்லிவிட்ட பிறகு ‘சில’வுக்கு ஏது இடம்?

தமிழில் இந்தத் தொல்லை வேறு விதமாக வருகிறது. நமக்கு வெற்று எழுவாய் தேவையில்லை. ஆனால் ‘இருக்கலாம்’ என்பது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினை. அதை அப்படியே பெயரெச்சமாக்கிப் ‘பிழைகள்’ முன்னால் வைக்க வழியில்லை. ‘இருக்கக்கூடிய பிழைகள்’ என்று சுற்றிப் போகிறோம், அல்லது ‘பிழை இருந்தால்’ என்று தப்பித்துக்கொள்கிறோம். இரண்டாவதே எனக்குப் பிடிக்கும்.

‘மே’ வந்தால் ஒருமை பன்மைச் சண்டையும் ஓய்கிறது. ஒரு பிழையோ நூறு பிழையோ ‘மே பி’தான். அது இல்லாவிட்டால் ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று யோசிக்க வேண்டும், ‘தேர்ஸ் மெனி பீப்பிள்’ என்று பேச்சில் வழுக்குகிறவர்கள் ஆங்கிலேயரிலேயே உண்டு. முன்னுரை எழுதுபவருக்கோ கூடுதல் லாபம். பிழை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளாமலே பொறுப்பை ஏற்ற பெருமை கிடைக்கிறது. ‘மே’யை விட்டுவிட்டு எழுதிப் பார்த்தால் ‘எனி மிஸ்டேக்ஸ் தட் தேர் ஆர் ஆர் மைன்’ என்று வரும். இலக்கணப்படி தவறே இல்லை. ஆனால் அச்சில் பார்ப்பவர், ஒரு ‘ஆர்’ கூடுதலாக விழுந்துவிட்டது என்று முதல் பிழையை அங்கேயே குறித்துக்கொள்வார்.