வேரடியில் நிகழும் போட்டி: நெல்லும் களையும் நூற்புழுவும்

‘களை’ என்னும் பெயர், ‘களைதல்’ என்னும் வினையோடு ஒரே அடியில் நிற்கும் சொல். எந்தப் புல்லின் உருவத்தையும் அது குறிப்பதில்லை. உழவர் பிடுங்கி எறிய விரும்புவது எதுவோ அதுவே களை. குதிரைவாலி இதற்கு நல்ல சான்று. தமிழ்நாட்டில் அதனைச் சிறுதானியமாக விதைத்து உண்கின்றனர். அதன் காட்டு உறவோ நெல்வயலின் கொடிய களை. மண்ணுக்கடியில் வாழும் உயிர்களுக்கு இந்தப் பெயர்ப் பாகுபாடு தெரியாது.

நெல்வேரைத் தாக்கும் வேர்முடிச்சு நூற்புழுவை எடுத்துக்கொள்வோம். (நூற்புழு என்பது பொருத்தமான கலைச்சொல், ‘நெமடோட்’ என்னும் கிரேக்கவழிச் சொல்லுக்கும் நூல் போன்றது என்பதே பொருள்.) 1965ஆம் ஆண்டில் அறிவியலார் இதனை முதன்முதலில் விவரித்தது, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குதிரைவாலி இனக் களைப்புல்லின் வேரிலிருந்துதான்.

இளம்புழு வேர்நுனியில் புகுந்து ஓரிடத்திலேயே தங்கி, சுற்றியுள்ள உயிரணுக்களைப் பருக்கச் செய்து உணவை உறிஞ்சும். நுனி கொக்கிபோல் வளைந்து வீங்கும். வெப்பமான மண்ணில் ஏறத்தாழ 3 அல்லது 4 வாரங்களில் ஒரு தலைமுறை முடியும். வேர் நீளாத பயிருக்கு நீரும் தழைச்சத்தும் குறைகின்றன. இலைகள் பரந்து நிலத்தை மூடுவது தாமதமாகிறது. நெல் களையை அடக்குவது பெரும்பாலும் நிழலால். அந்த நிழல் பிந்தினால் களை முந்தும். களையின் வேரிலும் புழு உண்டு. ஆயினும், மிகுதியாக நலியாமலே அதனைத் தாங்கும் களைகள் உள்ளன. அறுவடைக்குப் பின்னும் அவை வயலில் நின்று, அடுத்த விதைப்புவரை புழுவுக்கு உணவளிக்கின்றன. மாறாக, புழு களையையே கடுமையாகத் தாக்குமாயின் பயிர் பயன்பெறவும் கூடும். ஆதலின் இதனை ஒற்றை விதியாகக் கற்பிப்பது தவறு.

நாற்று நட்டு நீர் தேக்கும் பழைய முறை இரண்டையும் ஒருசேரக் கட்டுப்படுத்தியது. நீர் நிறைந்த மண்ணில் இளம்புழு புதிய வேருக்குள் புகுவது அரிது. களைவிதைகள் பலவும் முளைப்பதில்லை. நாற்றோ களையைவிடச் சில வாரங்கள் மூத்தது. கெடாவின் மூடா வட்டாரத்தில் 1980களில் ஆள் பற்றாக்குறையால் நேரடி விதைப்பு பரவியபோது, குதிரைவாலி இனப் புற்கள் பெருகின. உலர்நிலத்தில் விதைக்குமிடங்களில் நூற்புழுவுக்கும் அதே வழி திறக்கிறது.

பாடநூல்கள் களைக்கு ஓர் இயல், பூச்சி புழுவுக்கு ஓர் இயல் எனப் பிரித்தே வைத்துள்ளன. வயலுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், வாடிய நெல்லோடு அதன் அருகில் செழித்த புல்லையும் வேரோடு பிடுங்கிக் கழுவிக் காட்டலாம். கொக்கி வளைவு வெறுங்கண்ணுக்கே தெரியும்.